கடை நின்றது, வீடு போனது

வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனைக்கு ஒரு நடை போகாமல் தீராது. பத்திரிகை பார்க்க ஆண்டர்சன் தெரு, மொத்தமாகத் துணி எடுக்கக் கோடவுன் தெரு, பாத்திரத்துக்கு ஈவினிங் பஜார், பூவுக்குப் பத்ரியன் தெரு, ஆரத்தித் தட்டை அலங்கரிக்கும் சாமான்களுக்குத் தேவராஜ முதலி தெரு. அடுத்த வருஷம் பிரசவ மருந்து இடிக்க வேண்டுமானால் ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடை. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு நடந்தே போய்விடலாம். சொல்லப்போனால் நடந்துதான் போக முடியும்.

இந்த ஏற்பாட்டை எந்த அதிகாரியும் உட்கார்ந்து வரைந்ததில்லை. அரை நூற்றாண்டாக அதிகாரிகள் வரைந்ததெல்லாம் இதைக் கலைப்பதற்கான திட்டங்கள். காய்கறிச் சந்தை வெளியே போனது, வெளியூர் பஸ்கள் போயின, இரும்புக் கடைகளுக்கு ஊருக்கு வெளியே இடம் காட்டினார்கள், சட்டக் கல்லூரியும் கிளம்பிவிட்டது. அப்படியும் இந்தத் தெருக்கள் அடங்கிய ஜார்ஜ் டவுனில் கூட்டம் குறையவில்லை. குறைந்தது வேறொன்று. அது என்னவென்று போக்குவரத்துக் கணக்கெடுப்பு சொல்லாது. இங்கே புழங்கும் மனிதர்களின் ஒரு நாளை விடிகாலை தொடங்கி நடுநிசி வரை எடுத்துக்கொண்டு, அன்று எப்படி, இன்று எப்படி என்று பார்த்தால் தெரியும்.

உத்தரவில் பிறந்த பேட்டை

கிழக்கே துறைமுகம், மேற்கே வால்டாக்ஸ் சாலை, தெற்கே கோட்டையும் உயர் நீதிமன்றமும். இவற்றுக்கு நடுவில் கிடக்கிறது ஜார்ஜ் டவுன். கடல் பக்கத்துப் பாதி முத்தியால்பேட்டை. மேற்குப் பாதி பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டையும் பிரிப்பது பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஒரு காலத்தில் அது தண்ணீர் ஓடிய பள்ளம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்பம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அதைத் தூர்த்துத் தெருவாக்கினார்.

இந்தப் பேட்டையின் வரலாறே ஓர் இடமாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழைய கறுப்பர் நகரம் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சண்டைக்காலத்தில் கோட்டையை மறைத்து நின்ற வீடுகள் இடிக்கப்பட்டு, பீரங்கி சுட வசதியாக வெட்டவெளி உண்டாயிற்று. அங்கிருந்த பட்டணம் கோயிலும் போனது. அதற்கு ஈடாகத்தான் இன்றைய பூக்கடைப் பக்கம் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. இதற்கு மேல் யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் மூலையில் இன்னும் நிற்கிறது. தடை போட்ட அந்த வெளியில் பிற்பாடு அரசாங்கமே கட்டடம் கட்டியது. உயர் நீதிமன்றம் அங்கே 1892இல் திறக்கப்பட்டது.

அதற்குப் பிறகும் இந்தப் பேட்டையை அரசாங்கம் தூரத்திலிருந்தே பார்த்தது. 1970களின் நடுவில் வந்த முதல் மாஸ்டர் பிளான் முதல், கோப்புகளில் இதற்கு ஒரே அடைமொழி: நெரிசல். நெரிசலைக் குறைக்க என்ன வழி? எது கூட்டம் சேர்க்கிறதோ அதை அப்புறப்படுத்துவது. எத்தனை லாரி, எத்தனை டன் என்று எண்ணினார்கள். இந்த லாரியை நம்பி யார் பிழைக்கிறார்கள், அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வேறு மாதிரிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் இந்தத் தெருக்களில் கந்தகோட்டம் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள பேரிச் செட்டியார்களிடமும் மற்றவர்களிடமும் அவரவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். ‘பப்ளிக் ஃபேசஸ், பிரைவேட் வாய்சஸ்’ என்று அது 1994இல் புத்தகமானது. கடைக்காரர் ஒருவர் கோயில் தர்மகர்த்தாவாக ஏன் ஆசைப்படுகிறார், ஊர் அவரை எப்போது பெரிய மனுஷர் என்று ஒப்புக்கொள்கிறது என்பவை அதன் கேள்விகள். மூட்டைக் கணக்கில் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கிறது: இந்தப் பேட்டையில் வியாபாரமும் குடும்பமும் கோயிலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. அந்தக் கூரையைப் பிரித்ததுதான் ஜார்ஜ் டவுனின் கடந்த அரை நூற்றாண்டுக் கதை.

விடிகாலை: சந்தை

1990களின் நடுப்பகுதி வரை இந்தப் பேட்டையின் நாள் கொத்தவால் சாவடியில் தொடங்கியது. கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான இடத்தில் வளர்ந்த காய்கறிச் சந்தை அது. சென்னை முழுவதற்கும் கத்தரிக்காயும் வெங்காயமும் அங்கிருந்துதான் போயின. இரவில் வரும் லாரிகள் சந்துக்குள் நுழைய முடியாது. பெரிய தெருவில் நின்ற லாரியிலிருந்து மூட்டைகள் தலையிலும் முதுகிலும் கைவண்டியிலும் உள்ளே போகும். மழை நாளில் முட்டைக்கோஸ் இலையும் சேறும் கலந்து கால் வைக்க முடியாது. நாற்றம் தெருமுனைக்கு முன்பே வந்து வரவேற்கும்.

அந்த நாற்றத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் பிழைத்தவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. சிந்திய தக்காளியையும் உடைந்த மூட்டை உருளைக்கிழங்கையும் பொறுக்கி, கூறு கட்டித் தெருவோரம் விற்ற பெண்கள் இருந்தார்கள். சந்தை கலையும் நேரத்தில் வந்து பாதி விலைக்கு வாங்கிப்போன குடித்தனக்காரர்கள் இருந்தார்கள். பக்கத்துச் சந்தில் படுத்து, நடந்தே வேலைக்கு வந்த மூட்டை தூக்கிகள் இருந்தார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் வேலை செய்யும் இடமும் தங்கும் இடமும் ஒன்றுதான்.

1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. நகரத்துக்கு அது நல்ல காரியம் என்பதில் சந்தேகம் வேண்டாம். லாரி நேராகக் கடை வாசலுக்கு வருகிறது, கடைக்கு விலாசம் இருக்கிறது, கொஞ்சம் காற்றும் இருக்கிறது. உரிமம் வைத்திருந்த வியாபாரிக்கு அங்கே கடை கிடைத்தது. கூறு கட்டிய பெண்ணிடம் உரிமம் ஏது? அவளுக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. மூட்டை தூக்கியவர் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அல்லது வேறு சரக்குக்கு மாற வேண்டும். பலர் மாறினார்கள். இன்று கொத்தவால் சாவடி என்ற பெயர் இருக்கிறது. அந்தச் சந்துகளில் பருப்பும் மிளகாயும் மளிகையும் மூட்டை மூட்டையாக நிற்கின்றன. காலி இடத்தை இன்னொரு சரக்கு வந்து நிரப்பிக்கொண்டது.

பூ வியாபாரத்தின் கதை வேறு. கோயம்பேட்டில் பூவுக்கும் அங்காடி கட்டினார்கள். ஆனாலும் பத்ரியன் தெருவில் அதிகாலையில் சாமந்தியும் மல்லியும் இறங்குவது நிற்கவில்லை. சுற்றிலும் இத்தனை கோயில்கள், இத்தனை கடைகள். ஒவ்வொரு கல்லாவுக்கு மேலும் ஒரு சாமி படம், அதற்குத் தினம் ஒரு முழம். வாங்குகிறவர் இங்கேயே இருக்கும்போது சரக்கு மட்டும் எங்கே போகும்?

காய்கறியும் பூவும் இரண்டு விதமாக நடந்துகொண்டதிலேயே இந்தப் பேட்டையின் சூட்சுமம் இருக்கிறது. லாரியில் வந்து லாரியில் போகும் சரக்கை எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ஆள் நடந்து வந்து, தொட்டுப் பார்த்து, அடுத்த தெருவில் இன்னொன்று வாங்கிப் போகும் சரக்கை மாற்ற முடியாது. இரும்புச் சந்தைக்கு மணலி அருகே சாத்தங்காட்டிலும் லாரிகளுக்கு மாதவரத்திலும் இடம் உண்டாக்கினார்கள். கல்யாணப் பத்திரிகையும் கோடவுன் தெருத் துணியும் அசையவே இல்லை.

பகல்: நடந்து வாங்குகிறவர்கள்

அன்றைய பகலின் கதாநாயகர் வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர். ஆரணியிலோ குடியாத்தத்திலோ சின்னதாகக் கடை வைத்திருப்பார். முதல் ரயிலைப் பிடித்து சென்ட்ரலிலோ பீச்சிலோ இறங்குவார், அல்லது எஸ்பிளனேடில் வெளியூர் பஸ்ஸை விட்டு இறங்குவார். கையில் மஞ்சள் பை, பையில் கணக்கு நோட்டு. காலையில் துணி, மத்தியானம் பாத்திரம், சாயங்காலம் வளையலும் ரிப்பனும். ஒவ்வொரு கடையிலும் போன தடவைப் பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து, இந்தத் தடவைச் சரக்கைக் கடனுக்கு எடுப்பார். எழுத்தில் ஒன்றும் பெரிதாக இருக்காது; ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். “சேட்டு, தீபாவளி முடியட்டும், முழுசா தந்துடறேன்” என்பதுதான் பத்திரம். சரக்கு பார்சல் ஆபீஸுக்குப் போகும். அவர் ராத்திரி வீடு திரும்பிவிடுவார்.

அந்தச் சேட்டும் பெரும்பாலும் கடைக்கு மேலேயே குடியிருந்தார். தங்கசாலைத் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் மார்வாரிகளும் குஜராத்திகளும், கொத்தவால் சாவடிப் பக்கம் தெலுங்குச் செட்டிகளும், மண்ணடியில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும், எல்லோருக்குள்ளும் கலந்து தமிழ்க் குடும்பங்களும். இந்தக் கலப்பின் சாட்சியைச் சௌகார்பேட்டையில் சாப்பிடவே செய்யலாம். ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டை முறுக்கு, நடுவில் வெள்ளரியும் தக்காளியும் புதினாச் சட்னியும். முறுக்கு சாண்ட்விச் என்கிறார்கள். குஜராத்தில் கிடைக்காது, தஞ்சாவூரிலும் கிடைக்காது.

சரக்கைச் சுமந்தவர்கள் மாறியிருக்கிறார்கள். மனிதனை மனிதன் இழுத்த கைரிக்‌ஷா 1970களின் தொடக்கத்தில் கருணாநிதி ஆட்சியில் ஒழிக்கப்பட்டது; சைக்கிள் ரிக்‌ஷா வந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஒருவர் முன்னால் இழுக்க ஒருவர் பின்னால் தள்ளிய மரக் கைவண்டியின் இடத்தை மீன்பாடி வண்டியும் குட்டி யானையும் பிடித்துக்கொண்டன. ஆனால் குட்டி யானை நுழையாத சந்துகள் இன்னும் நிறைய. கடைசி நூறு அடிக்கு இன்றைக்கும் ஓர் ஆளின் தலைதான். அந்தத் தலை முன்பு திருவண்ணாமலைப் பக்கத்தது, ஆந்திரத்து எல்லையோரத்தது. இப்போது பீகாரும் ஒடிசாவும் சேர்ந்திருக்கின்றன.

வாங்குகிறவரும் மாறியிருக்கிறார். அப்பாவின் கணக்கு நோட்டு இருந்த பையில் மகனுக்குக் கைபேசி. புதுச் சரக்கின் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, பணம் ஜிபேயில் போய்விடுகிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு துண்டுச் சீட்டின் செல்வாக்கு குறைந்தது. வெளியூர் பஸ்கள் 2002இல் கோயம்பேட்டுக்கும், 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்துக்கும் நகர்ந்துகொண்டே போனதில், தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்குப் பாரிமுனை ஒரு தனிப் பயணமாகவே ஆகிவிட்டது. அப்படியும் தீபாவளிக்கு முன்னாலும் கல்யாண சீசனிலும் வந்துவிடுகிறார். கடன் கேட்க முகம் வேண்டும். துணியைத் தடவிப் பார்க்க விரல் வேண்டும். 2019 பிப்ரவரியில் மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் மெட்ரோ நிலையங்கள் திறந்தபின் நகரத்துக்காரர்களுக்கு வழி சுலபமாகிவிட்டது. நெரிசலைக் குறைக்க பஸ்ஸை வெளியே அனுப்பிய நகரம், அதே இடத்துக்கு ஆட்களைக் கொண்டுவர பூமிக்கடியில் பாதை போட்டது. இரண்டும் சரியான முடிவாகவே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இந்தப் பேட்டையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

கடலோரம்: கப்பலும் குருவியும்

கிழக்கு விளிம்பில் வாழ்க்கையைத் தீர்மானித்தது துறைமுகம். சரக்கு மூட்டையாகவும் பெட்டியாகவும் இறங்கிய காலத்தில் எண்ணுகிறவர், தூக்குகிறவர், கிட்டங்கிக் காவலாளி, கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தருகிறவர் என்று ஒரு கப்பலுக்குப் பின்னால் பேட்டை பாதி ஓடும். 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. இரும்புப் பெட்டி கப்பலிலிருந்து நேராக டிரெய்லரில் ஏறி ஊருக்கு வெளியே போய்த் திறந்துகொண்டது. தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் ஏஜென்ட் அலுவலகங்கள் நிலைத்தன. மூட்டைதான் வராமல் போனது. காகிதம் இங்கே, சரக்கு எங்கேயோ.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்குத் துறைமுகம் வேறொன்றையும் தந்தது: நிலக்கரித் தூள். வடசென்னைக் குடித்தனக்காரர்கள் வெகுகாலம் புலம்பினார்கள். கடைசியில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்று எண்ணூருக்குப் போனது. வெளியே போன எல்லாவற்றிலும், குடியிருந்தவனுக்காகப் போனது என்று சொல்லத்தக்கது அநேகமாக இது ஒன்றுதான்.

பர்மா பஜார் இன்னொரு கணக்கு. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தமிழர்கள் 1960களின் இறுதியில் கடற்கரை நிலையத்துக்கு எதிரே கடை போட்டார்கள். உள்நாட்டுச் சந்தை மூடிக் கிடந்த காலம் அது. ஜப்பான் டேப் ரெக்கார்டர், வெளிநாட்டு சென்ட், கைக்கடிகாரம் எல்லாம் அங்கேதான். சிங்கப்பூருக்குப் பறந்து பையில் சரக்கைக் கொண்டுவரும் ஆளுக்குக் குருவி என்று பெயரே வந்தது. 1991இல் பொருளாதாரம் திறந்ததும் வெளிநாட்டுச் சாமான் தெருவுக்குத் தெரு கிடைத்தது. பஜார் சாகவில்லை. கேசட்டிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து கைபேசிக்கும், கைபேசியிலிருந்து அதன் உறைக்கும் சார்ஜருக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாதது செகண்ட் லைன் பீச் சாலையில் மாலையில் கூடும் அத்தோ கடை. நூடுல்ஸோடு வெங்காயமும் முட்டைக்கோஸும் சேர்த்துக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுக்கிறார்கள். அகதியாக வந்தவர்களின் சாப்பாடு இன்று ஊர் தேடி வரும் தின்பண்டம்.

கோர்ட் பக்கம்

தெற்கு விளிம்பில் கறுப்புக் கோட்டு. வக்கீல் அறைகள், குமாஸ்தாக்கள், ஸ்டாம்ப் வெண்டர்கள், டைப் அடித்துக் கொடுப்பவர்கள், சட்டப் புத்தகக் கடைகள். அன்று பாரிமுனைச் சந்துகளில் தட்டச்சு ஓசை கேட்டபடி இருக்கும். தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி என்று கட்சிக்காரர்கள் நம்பினார்கள். தட்டச்சு போய்க் கணினி வந்தது, கூடவே ஜெராக்ஸ். வேலை அதேதான்: எழுதத் தெரியாதவரின் சங்கடத்தைக் கோர்ட்டுக்குப் புரியும் காகிதமாக மாற்றுவது. அந்த இடத்தின் இளமை மட்டும் குறைந்திருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியிருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. காலையில் வகுப்பு, மத்தியானம் சீனியரின் அறையில் வேலை என்று நடந்தே இரண்டையும் பார்த்த ஏழைப் பிள்ளைக்கு அந்த வசதி போய்விட்டது.

மாலை: பாட்டும் படமும்

கடை அடைத்தபின் இங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை இன்றைய தலைமுறை நம்ப மறுக்கும். வீணை தனம்மாள் (1867–1938) ராமகிருஷ்ணச் செட்டித் தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். ஊரின் பெரிய வித்வான்கள் அந்தச் சின்னக் கூடத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய பேத்தி பாலசரஸ்வதி வளர்ந்த சூழலும் அதுதான். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியது இந்தப் பேட்டையில். ஆர்மீனியன் தெருவில் கோகலே மன்றம் அரசியலையும் சங்கீதத்தையும் ஒரே மேடையில் கேட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளியானது கினிமா சென்ட்ரலில். அதுதான் பின்னாளில் தங்கசாலை முருகன் டாக்கீஸ்.

வக்கீல்களும் துபாஷி வீட்டு வாரிசுகளும் மயிலாப்பூருக்கும் எழும்பூருக்கும் நகர்ந்தபோது சங்கீதமும் அவர்களோடு போனது. இன்று டிசம்பர் சீசன் பெரும்பாலும் ஜார்ஜ் டவுனுக்கு வெளியேதான் நடக்கிறது. தியேட்டர்கள் அதற்கு வெகு பின்னால், ஒவ்வொன்றாக வணிக வளாகமாகின. சபாவுக்கோ இரண்டாம் ஆட்டத்துக்கோ வர வேண்டுமானால் ராத்திரி பத்து மணிக்கு நடந்து வீட்டுக்குப் போகும் ஜனம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஜனம்தான் கரைந்துகொண்டிருந்தது.

இரவு: யார் இருக்கிறார்கள்?

பழைய ஜார்ஜ் டவுன் வீடு முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு போகும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. முன்னறையில் கடை, மாடியில் முதலாளி, பின்கட்டில் நாலைந்து ஒண்டுக்குடித்தனம். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, தினம் ஒரு சண்டை. வசதியான வாழ்க்கை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ராத்திரி தெருவில் ஒரு சத்தம் கேட்டால் பத்து ஜன்னல் திறக்கும்.

அந்த வீடு காலியானதற்கு ஒரு காரணம் இல்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரரைக் காப்பாற்றியது. கூடவே, பழைய வாடகை பழையதாகவே நின்றதால் வீட்டுக்காரர் ஓட்டைக் கூரையைத் தொடவில்லை. குடும்பம் தரும் வாடகையைவிடக் கிட்டங்கி தரும் வாடகை பல மடங்கு. கார் நிறுத்த இடமில்லாத தெருவுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். முதலில் வசதி வந்தவர்கள் கிளம்பினார்கள். சௌகார்பேட்டைக் குடும்பங்கள் பல வேப்பேரிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் புரசைவாக்கத்துக்கும் போயின. அவர்கள் காலையில் கடைக்கு வந்து ராத்திரி வீட்டுக்குப் போகிறார்கள். பின்கட்டுக் குடித்தனங்கள் அதற்குப் பிறகு, வாடகைக்கு ஏற்ற தூரத்துக்கு. மாடியில் அட்டைப்பெட்டி ஏறியது. வீடு இடிந்த இடத்தில் எழுந்த நாலு மாடியிலும் கடை, அதற்கு மேலும் கிட்டங்கி.

திட்டம் போட்டவர்கள் கடை போகும், குடித்தனம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. கடை நின்றது, வீடு போனது. அதன் விளைவை இரவில்தான் காணலாம். பகலில் தோள் உரசாமல் நடக்க முடியாத தெரு, ஒன்பது மணிக்கு மேல் ஷட்டர்களின் வரிசை. நெகிழியும் காகிதமும் துணியும் அடைந்த மாடியில் தீப்பிடித்தால் முதலில் பார்த்துக் கத்த ஆள் கிடையாது. புரட்டாசியில் திருப்பதிக்குப் போகும் திருக்குடைகள் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி யானைக்கவுனி தாண்டும் நாளில் மட்டும் பேட்டையை விட்டுப் போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். மறுநாள் மீண்டும் ஷட்டர்.

ஆனால் இரவில் யாருமே இல்லை என்று சொன்னால் அது பொய். நடைபாதைக் குடும்பங்கள் இருக்கின்றன. என்.எஸ்.சி. போஸ் சாலை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலை ஓரங்களில் பாட்டி, அம்மா, பேத்தி என்று தலைமுறைகளாகப் பிளாட்பாரத்திலேயே வாழ்கிறவர்கள். பகலில் பூக்கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், கடை கூட்டுகிறார்கள். ஷட்டர் இறங்கியபின் அதே வாசலில் அடுப்பு மூட்டுகிறார்கள். கழிப்பறைக்குக் காசு, தண்ணீருக்குக் குடத்தோடு அலைச்சல், மழைக்கு ஒரு தார்ப்பாய். தொலைவில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்து அனுப்பினாலும் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று இவர்கள்மேல் ஒரு குறை உண்டு. பூ இறங்குவது விடியுமுன். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்? சந்தைக்குப் பக்கத்தில் படுத்தால்தான் சந்தையில் பிழைக்கலாம் என்பது கொத்தவால் சாவடிக் காலத்திலிருந்து மாறாத கணக்கு. மாடி வீட்டுக்காரரின் கணக்கு மாறிவிட்டது; இவர்களுடையது மாறவில்லை. இவர்களோடு, கிட்டங்கியிலேயே படுத்துக்கொள்ளும் வடமாநிலத்துப் பையன்களையும் சேர்த்துக்கொண்டால், இன்றைய ஜார்ஜ் டவுனின் இரவுக் குடிமக்கள் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும்.

எண்ண வேண்டியது

மைன்ஸ் கேட்டதைப் போல இன்று யாராவது இங்கே வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் திரட்டினால், பெரிய மனுஷர்கள் பலர் வேப்பேரி விலாசத்தைத் தருவார்கள். ஜார்ஜ் டவுன் விலாசத்தோடு கிடைப்பவர்களுக்குக் கதவு எண் இருக்காது. இந்தப் பேட்டையில் படுத்து எழுகிறவர்களை விட்டுவிட்டு இதை வெறும் சந்தை என்று படிப்பதும், கடைகளை விட்டுவிட்டு வெறும் பாரம்பரியக் கட்டடங்கள் என்று படிப்பதும் பாதிப் படிப்பு.

இன்றைக்கும் ஜார்ஜ் டவுனைச் சீரமைப்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. பழைய பழக்கத்தில் அது வாகன நிறுத்தத்திலும் நடைபாதை ஆக்கிரமிப்பிலும் போய் நின்றுவிடுகிறது. அடுத்த திட்டம் போடுகிறவர்கள் வாகனங்களோடு சேர்த்து ராத்திரி பத்து மணிக்கு இங்கே எரியும் அடுப்புகளையும் எண்ணட்டும். எந்தத் தெருவின் மேல்மாடிகளில் குடும்பங்கள் வாழ முடியும், அதற்குக் குடிநீரும் சாக்கடையும் தீயணைப்பு வழியும் எவ்வளவு வேண்டும், பிளாட்பாரத்தில் பிறந்தவர்களுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி இல்லாமல் பூக்கடைப் பக்கத்திலேயே ஓர் அறை தர என்ன செலவாகும் என்று கணக்குப் போடட்டும். இரவில் ஆள் இருக்கும் தெருவுக்குக் காவலும் விளக்கும் பள்ளிக்கூடமும் கேட்க வாய் இருக்கும்; ஷட்டர் எதையும் கேட்காது. கடையை வெளியே அனுப்பப் பார்த்ததில் அரை நூற்றாண்டு போய்விட்டது. இனி வீட்டை உள்ளே அழைக்கிற வேலையைத் தொடங்கலாம்.